பயமுறுத்துவது பெரிய சொல். பயிரைக் கெடுப்பது சின்னச் சொல்

இந்த இதழ் கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது வாசகர் கேள்விப் பகுதியைத்தான். என்ன பூச்சி, என்ன நோய், எங்கே விதை கிடைக்கும் என்றுதான் பெரும்பாலும் கேட்டிருப்பார்கள். எங்கள் விரிவாக்க மையத்துக்கு நேரில் வருகிறவர்கள் கேட்பது வேறு. சட்டைப் பையிலிருந்தோ, முந்தானை முடிச்சிலிருந்தோ நான்காக மடித்த ஒரு தாளை எடுப்பார்கள். "சார், இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள்.

மருந்துப் பெட்டிக்குள் வைத்திருந்த துண்டுத்தாளாக இருக்கும். இல்லையென்றால் விதை மூட்டையில் தைத்திருந்த அட்டை, மண் பரிசோதனை முடிவு, பயிர்க் காப்பீட்டு ரசீது என்று ஏதாவது ஒன்று. காவிரி டெல்டாவில் சுமார் முப்பது வருடமாக வேளாண்மைத் துறையில் வேலை பார்க்கிறேன். இப்படி என் மேசைக்கு வந்த தாள்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பீரோ நிறைந்திருக்கும்.

அவற்றைப் படித்துச் சொன்ன அனுபவத்தில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயம் உண்டு. விவசாயிகள் பயப்படுவது நீளமான சொற்களைப் பார்த்து. 'குளோரான்ட்ரனிலிபுரோல்' என்று இருந்தால், "வாயிலயே நுழையலையே சார்" என்று தாளை மடித்துவிடுகிறார்கள். ஆனால், அது வெறும் பெயர். ஒரு ஆளுக்குப் பெயர் வைப்பதுபோல அந்த ரசாயனத்துக்கு வைத்த பெயர். அதைத் தப்பாக உச்சரித்ததால் யாருடைய பயிரும் கருகியதில்லை. பயிர் கருகியதும், பணம் போனதும், காப்பீட்டில் ஏமாந்ததும் எல்லாம் நமக்குத் தெரியும் என்று நினைத்து வேகமாகத் தாண்டிப்போகும் சின்னச் சொற்களால்தான். நான், ப்ரீ, பெர், நாட் என்று இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள். அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

'நான்' செய்த நாசம்

சில வருடங்களுக்கு முன்பு, சம்பா அறுவடை முடிந்து உளுந்து நிற்கும் சமயம். ஒரு விவசாயி போன் செய்தார். "சார், உளுந்து ஒரு மாதிரியா இருக்கு, உடனே வாங்க" என்றார். போய் வரப்பில் நின்று பார்த்தேன். இரண்டு ஏக்கரிலும் களையும் பயிரும் ஒரே நிறத்தில் இருந்தன. எல்லாம் வெளிறி, சுருண்டு, தொட்டால் நொறுங்கும் நிலை.

நடந்தது இதுதான். புல் மண்டியிருக்கிறது. களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை. டவுனுக்குப் போய்க் களைக்கொல்லி வாங்கி வந்திருக்கிறார். பன்னிரண்டாவது முடித்த மகன் தாளைப் படித்திருக்கிறான். அதில் 'நான் செலக்டிவ்' என்று இருந்தது. "செலக்ட் பண்ண வேண்டியதில்லைன்னு போட்டிருக்குப்பா. எந்தப் பயிர்ல வேணும்னாலும் அடிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறான். அப்பாவும் நம்பி, மறுநாள் அடித்துவிட்டார்.

"தண்ணி விட்டு நனைச்சா தேறிடுமா சார்?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. இது தேறாது" என்றேன். வேறு என்ன சொல்வது?

மகன் கொஞ்சம் தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "நீ எழுத்தைச் சரியாத்தான் படிச்சிருக்க தம்பி. இங்க தேர்ந்தெடுக்கிறது யாருங்கிறதுதான் கேள்வி. நாம இல்ல, மருந்து. செலக்டிவ்னா அந்த மருந்து சில வகைக் களையை மட்டும் கொல்லும், அதுக்குன்னு சொன்ன பயிரை விட்டுடும். நான் செலக்டிவ்னா அதுக்குப் பயிர், களைங்கிற வித்தியாசமே தெரியாது. பச்சையா எது மேல பட்டாலும் காயவைக்கும்."

விதை, கூலி, மருந்து என்று போன பணம் ஒரு பக்கம். அந்தப் பருவத்து உளுந்தை நம்பி அவர் வாங்கியிருந்த கைமாற்று இன்னொரு பக்கம். எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது, அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் பையன் வீட்டில் எந்தத் தாளையும் தொடவில்லை என்பதுதான். "அவன்கிட்ட கொடுத்தா, வேற யார்கிட்டயாவது கேளுப்பாங்கிறான் சார்" என்று அவன் அப்பா வருத்தப்பட்டார். அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

களைக்கொல்லித் தாளில் இதே மாதிரி இன்னும் இரண்டு சொற்கள் இருக்கும். 'ப்ரீ எமர்ஜன்ஸ்', 'போஸ்ட் எமர்ஜன்ஸ்'. எமர்ஜன்ஸ் என்றால் முளைத்து வெளியே வருவது. ப்ரீ என்றால் அதற்கு முன், போஸ்ட் என்றால் அதற்குப் பின். இங்கே முளைப்பது களை. நடவு நெல்லில் நட்ட மூன்றாம் நாள் வாக்கில் போடுகிறோமே, அது ப்ரீ வகை. களை விதை முளைவிடும்போதே அதைத் தடுத்துவிடும். களை நன்றாக எழுந்து நாலு இலை விட்ட பிறகு அதைக் கொண்டுபோய்க் கொட்டினால், காசுதான் கரையும். களை அப்படியே நிற்கும்.

'பெர்' என்ற ஒற்றைச் சொல்

பூச்சிமருந்துத் தாளில் ஒரு கட்டம் போட்ட பட்டியல் இருக்கும். பயிர், பூச்சி, அதற்குப் பக்கத்தில் மூன்று நான்கு எண்கள். மேலே சொன்ன வாயில் நுழையாத பெயர் கொண்ட மருந்தையே எடுத்துக்கொள்வோம். நெல்லில் குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அது சிபாரிசு செய்யப்படுகிறது. பெயருக்குப் பக்கத்தில் '18.5 எஸ்.சி.' என்று இருக்கும். பட்டியலில் 30, 150, 500, 47 என்று நான்கு எண்கள் இருக்கும்.

முதல் எண்ணுக்கு மேலே 'ஏ.ஐ.' என்று போட்டிருப்பார்கள். பால் சொசைட்டியில் ஊற்றும்போது பாலை அளப்பதோடு கொழுப்பு எவ்வளவு என்றும் பார்க்கிறார்களே, அதுபோல. பாட்டிலில் இருப்பது முழுவதும் மருந்து கிடையாது. அதில் வேலை செய்யும் சரக்கு 100 பங்கில் 18.5 பங்குதான். அந்தச் சரக்குக்குத்தான் ஏ.ஐ. என்று பெயர். அது 30 கிராம் போய்ச் சேர வேண்டும் என்பது விஞ்ஞானிகள் கணக்கு. நாம் பாட்டிலிலிருந்து அளந்து ஊற்ற வேண்டியது இரண்டாவது எண்ணான 150 மில்லி. மூன்றாவது, கலக்க வேண்டிய தண்ணீர், 500 லிட்டர்.

இதெல்லாம் எவ்வளவு நிலத்துக்கு? அதைச் சொல்வதுதான் 'பெர் ஹெக்டேர்' என்ற சொல். பட்டியலின் தலையில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். நம் பக்கம் யாரும் ஹெக்டேரில் நிலம் வைத்திருப்பதாகச் சொல்வதில்லை. ஏக்கர் என்போம், மா என்போம். மூன்று மா ஒரு ஏக்கர் என்ற கணக்கில், ஹெக்டேருக்கு 150 மில்லி என்றால் ஏக்கருக்கு 60 மில்லி, மாவுக்கு 20 மில்லி. 10 லிட்டர் டேங்குக்கு 3 மில்லி. இவ்வளவுதான்.

'பெர் ஹெக்டேர்' கண்ணில் படாமல் 150 மில்லியையும் ஒரு ஏக்கருக்கு அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். "கூடப் போட்டா நல்லா கேக்கும்ல சார்" என்பார்கள். இரண்டரை மடங்கு செலவு. நல்லது செய்யும் சிலந்தியும் குளவியும் சேர்ந்து சாகும். தப்பிப் பிழைக்கிற பூச்சிக்கு அடுத்த வருடம் அந்த மருந்து உறைக்காது.

கடைசி எண் 47. அதன் தலைப்பு 'வெயிட்டிங் பீரியட்'. அடுத்த மருந்து அடிக்கும்வரை காத்திருக்க வேண்டிய நாள் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. கடைசியாக மருந்து அடித்த நாளுக்கும் அறுவடைக்கும் நடுவே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி அது. இந்த மருந்து அடித்து 47 நாள் தாண்டாமல் நெல்லை அறுக்கக் கூடாது. இந்த நாள் கணக்கு மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் மாறும். கத்தரி, வெண்டை, மிளகாய் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். இன்று அடித்து நாளை பறித்துச் சந்தைக்கு அனுப்பும் காயைத்தான் நம் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

ஒரே எழுத்து, மூன்று அர்த்தம்

நிலம் வாங்கும்போது 'ஈ.சி.' போட்டுப் பார்க்கிறோம். அது வில்லங்கச் சான்று. மண் பரிசோதனை முடிவிலும் 'ஈ.சி.' என்று ஒரு வரி இருக்கும். ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் வந்தார். "நிலத்துல வில்லங்கம் இருக்குன்னு போட்டிருக்கா சார்?" என்று கேட்டார். மண்ணில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் எண் அது. மின்கடத்தும் திறனை அளந்து கண்டுபிடிக்கிறார்கள். ஒன்றுக்குக் கீழே இருந்தால் உப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவருடைய தாளில் 0.4 என்று இருந்தது. பெரியவர் நிம்மதியாக டீ குடித்துவிட்டுப் போனார்.

மருந்து பாட்டிலிலும் '50 ஈ.சி.' என்று பார்த்திருப்பீர்கள். அது மூன்றாவது அர்த்தம். தண்ணீரில் ஊற்றினால் பால்போலக் கலங்கும் எண்ணெய்த் தன்மையான மருந்து என்று பொருள். 'டபிள்யூ.பி.' என்றால் நனையும் தூள். 'எஸ்.சி.' என்றால் திரவத்தில் மிதக்கும் மிக நுண்ணிய தூள். நின்றால் அடியில் படியும் என்பதால் குலுக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். 'ஜி.ஆர்.' என்றால் குருணை. எழுத்து எந்தத் தாளில் இருக்கிறது என்று பார்த்தால்தான் அர்த்தம் பிடிபடும்.

கரும்பு வைத்திருக்கும் ஒரு அக்கா ஒருநாள் வந்தார். அவர் கையில் இருந்த தாளில் மேலுரம் இடும் இடத்தில் '30, 60, 90 டி.ஏ.பி.' என்று இருந்தது. "முப்பது, அறுபது, தொண்ணூறுன்னா மொத்தம் 180 கிலோ டி.ஏ.பி. ஆகுதே சார். கிட்டத்தட்ட நாலு மூட்டை. சங்கத்துல அவ்வளவு தர மாட்டாங்களே, வெளியில வாங்கட்டுமா?" என்று கேட்டார். அந்த இடத்தில் டி.ஏ.பி. என்பது உரத்தின் பெயர் இல்லை. நட்ட பிறகு எத்தனையாவது நாள் என்பதன் சுருக்கம். 30, 60, 90-ஆம் நாட்களில் தழைச்சத்தைப் பிரித்து இட வேண்டும் என்று அர்த்தம். விதைத்த நாளிலிருந்து எண்ணினால் 'டி.ஏ.எஸ்.' என்றும், நாற்று நட்ட நாளிலிருந்து எண்ணினால் 'டி.ஏ.டி.' என்றும் போடுவார்கள். அந்த அக்கா வாங்குவதற்கு முன்பே கேட்டதால் நாலு மூட்டைப் பணம் மிஞ்சியது.

செத்த இதயமும் வெள்ளைக் காதும்

இப்போது வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. தாளைப் படம் பிடித்தால் அதுவே தமிழில் சொல்லிவிடுகிறது. நல்ல வசதிதான். ஆனால், அது அகராதித் தமிழ். வயல் தமிழ் அதற்குச் சரியாக வராது.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், அம்மாவுடன் வந்து போனைக் காட்டினாள். நெல்லில் 'இறந்த இதயம்' பத்து சதவிகிதத்தைத் தாண்டினாலோ, 'வெள்ளைக் காது' இரண்டு சதவிகிதத்தைத் தாண்டினாலோ மருந்து அடிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. "நெல்லுக்கு ஏது சார் காது?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆங்கிலத்தில் காதுக்கும் கதிருக்கும் ஒரே சொல்தான். அவள் அம்மாவிடம் கேட்டேன்: "குருத்துப்பூச்சி விழுந்தா பயிர் எப்படிம்மா இருக்கும்?"

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "நடுக்குருத்து காஞ்சு நிக்கும். இழுத்தா கையோட வந்துடும். கதிர் வந்தப்புறம் விழுந்தா வெள்ளை வெளேர்னு சாவியா நிக்கும்" என்றார்.

அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் விளக்கம் இதுதான். தாளில் இருந்த விஷயம் அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். பெயர் மட்டும்தான் வெளியூர்ப் பெயர்.

நானும் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு வேளாண் கல்லூரிக்குப் போனவன்தான். புத்தகம் முழுக்க ஆங்கிலம். எங்களுக்குப் பூச்சியியல் எடுத்த பேராசிரியர், 'டெட் ஹார்ட்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு எங்களை வயலுக்குக் கூட்டிப்போனார். ஒரு தூரைக் காட்டி, காய்ந்த குருத்தை இழுக்கச் சொன்னார். கையோடு வந்தது. அடியில் புழு கடித்த இடம் தெரிந்தது. அன்றைக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

இப்படி இன்னும் பல சொற்கள் உண்டு. 'லாட்ஜிங்' என்று பயிர்த் தாளில் இருந்தால் அது தங்கும் விடுதி இல்லை. காற்றுக்கும் மழைக்கும் பயிர் சாய்ந்து படுப்பது. 'டை பேக்' என்றால் மிளகாயில் வரும் நுனிக்கருகல். 'டேம்பிங் ஆஃப்' என்றால் நாற்றங்காலில் வரும் நாற்றழுகல். நீர் சிக்கனத்துக்காக ஒரு முறையைப் பெரிய பெயர் வைத்துச் சொல்கிறார்கள். வயலை நனைப்பதும் காயவிடுவதும் மாறி மாறி என்று நீளமாக எழுதியிருப்பார்கள். நம் ஊரில் அதற்குக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று பெயர்.

நல்ல சொல்லாகத் தெரிவதும் உண்டு

சில சொற்கள் கேட்க நன்றாக இருப்பதால் ஏமாற்றும். விதைப் பையில் பச்சை அட்டை தைத்து, 'ட்ரூத்ஃபுல்' என்று போட்டிருக்கும். தமிழில் உண்மைநிலை விதை. "உண்மைன்னு கவர்மென்டே போட்டிருக்கு" என்று சொல்லி வாங்கியவர்கள் உண்டு. அட்டையில் எழுதியிருப்பதற்கு விதையைத் தயாரித்தவரே பொறுப்பு என்பதுதான் அதன் பொருள். விதைச்சான்றுத் துறை வயலிலும் ஆய்வகத்திலும் சோதித்துக் கொடுப்பது சான்று விதை. அதற்கு நீல அட்டை. ஆதார விதைக்கு வெள்ளை. பச்சை அட்டை விதை மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வீரிய ஒட்டு ரகங்கள் பலவும் அந்த அட்டையில்தான் வருகின்றன. யார் பொறுப்பு என்று தெரிந்து வாங்குங்கள். பில்லையும் அட்டையையும் அறுவடை வரை பத்திரமாக வைத்திருங்கள்.

மருந்து டப்பாவில் இருக்கும் வண்ண முக்கோணமும் அப்படித்தான். சிவப்பு மிகக் கொடிய விஷம். அதற்கு அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றதும் இயற்கை மருந்து என்று நினைத்து வெறும் கையால் கலக்குகிறார்கள். பச்சையில் எழுதியிருக்கும் 'காஷன்' என்ற சொல்லுக்கு எச்சரிக்கை என்று பொருள். நான்கில் விஷம் குறைந்தது அது, அவ்வளவுதான்.

காப்பீட்டுத் தாளில் என்ன இருக்கிறது?

2016-ல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்ததிலிருந்து என்னிடம் அதிகம் வரும் குறை இதுதான்: "என் வயல் முழுக்க போச்சு சார். எனக்கு ஒண்ணும் வரல. பக்கத்து ஊருக்கு வந்திருக்கு." கோபம் நியாயமானது. ஆனால், பதில் அந்தத் தாளிலேயே 'இன்சூரன்ஸ் யூனிட்', 'த்ரெஷோல்ட் ஈல்டு' என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது.

யூனிட் என்றால் உங்கள் வயல் இல்லை. அரசு அறிவித்த ஒரு பரப்பு, உதாரணமாக ஒரு வருவாய் கிராமம். அந்தப் பரப்பில் சில இடங்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, சராசரி மகசூல் எடுப்பார்கள். த்ரெஷோல்ட் என்பதை வாசற்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடந்த 7 வருடங்களில் நன்றாக விளைந்த 5 வருடங்களின் சராசரியை எடுத்து, அதில் 70 சதவிகிதம், 80 சதவிகிதம் என்று திட்டத்தில் சொன்ன அளவைக் கணக்கிடுவார்கள். அதுதான் வாசற்படி. இந்த வருட சராசரி அந்தப் படிக்குக் கீழே இறங்கினால்தான் பணம்.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். சராசரி 2,000 கிலோ, அளவு 70 சதவிகிதம் என்றால் வாசற்படி 1,400 கிலோ. இந்த வருடம் யூனிட்டின் சராசரி 1,300 கிலோ என்று வந்தால் குறைவு 100 கிலோ. காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 35,000 ரூபாய் என்றால், 1,400-க்கு 100 என்ற விகிதத்தில் 2,500 ரூபாய் வரும். உங்கள் வயலில் ஒரு மூட்டைகூட விளையாமல் போயிருந்தாலும் இந்தக் கணக்கில் அதே 2,500 ரூபாய்தான். இது நல்ல முறையா, கெட்ட முறையா என்பது வேறு விவாதம். பணம் கட்டும்போதே இது தெரிந்திருந்தால், அறுவடைப் பரிசோதனை நடக்கும் அன்று ஊரே வயலில் வந்து நிற்கும். தெரியாததால், பணம் வராத பிறகு அலுவலகத்தில் வந்து நிற்கிறோம்.

'நாட்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான சின்னச் சொல் 'நாட்'. கூடாது என்று அர்த்தம். பல மருந்துத் தாள்களில், மருந்து வயிற்றுக்குள் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள் என்று போட்டிருக்கும். எண்ணெய்த் தன்மையுள்ள மருந்து வாந்தியோடு மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து இன்னும் கூடும். நம் ஊர்ப் பழக்கமோ, உடனே சோப்புத் தண்ணீரும் சாணிக் கரைசலும் கொடுப்பது. வேண்டாம். 108-க்குச் சொல்லுங்கள். மேலே பட்ட உடையைக் கழற்றி உடம்பைக் கழுவிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த டப்பாவையும் தாளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். உள்ளே போனது எந்த வகை மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க முடியும். அதனால் மருந்து தீரும்வரை தாளைத் தூக்கி எறியாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்துடன் வரும் தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கக் கூடாது. இந்தியிலும் விற்கும் வட்டாரத்தின் மொழியிலும் அச்சிட வேண்டும் என்று பூச்சிமருந்து விதிகள் சொல்கின்றன. பல மடிப்புகளைப் பிரித்துக்கொண்டே போனால் ஒரு மூலையில் தமிழ் இருக்கும். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும் என்பது உண்மைதான். பேத்தியின் கண்ணைக் கடன் வாங்குங்கள். தமிழே இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆறு கேள்வி போதும்

ஆங்கிலம் படித்தால்தான் இந்தத் தாள்கள் புரியும் என்று நான் நினைக்கவில்லை. நன்றாக ஆங்கிலம் படித்தவர்களே 'நான் செலக்டிவ்' என்ற இடத்தில் தடுமாறுவார்கள். எந்தத் தாள் வந்தாலும் ஆறு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு?
எவ்வளவு ஊற்ற வேண்டும்?
அது எவ்வளவு நிலத்துக்கு, ஹெக்டேரா, ஏக்கரா?
எப்போது? எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்?
அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும்?
எது கூடாது?

ஆறுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மீதிச் சொற்கள் புரியாவிட்டாலும் பாதகமில்லை. ஆறில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் மருந்து டப்பாவைத் திறக்காதீர்கள். ஒரு நாள் தள்ளிப்போனால் பெரும்பாலும் பயிர் தாங்கும். தப்பாக அடித்தால் தாங்காது.

கேட்பதற்கு வெட்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் எங்கள் மையத்துக்கு வருவார். கூட்டம் கலையும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் போன பிறகுதான் தாளை எடுப்பார். "நாலு பேர் முன்னாடி கேட்டா, இவ்வளவு வயசாகியும் இது தெரியலையான்னு நினைப்பாங்க சார்" என்றார். நான் சொன்னேன்: "நாற்றைப் பிடிச்சுப் பார்த்தே வயசு சொல்றீங்க. அது எனக்குப் பாடம் படிச்சுத்தான் வந்தது. நீங்க சொன்னதை நான் கேட்டுக்கிறேன், நான் படிச்சதை நீங்க கேட்டுக்கங்க. இதுல என்ன இருக்கு?" இப்போது அவர் கூட்டத்தில் முன்வரிசையிலேயே கேட்கிறார். அவர் கேட்ட பிறகுதான், அதே சந்தேகம் இன்னும் நான்கு பேருக்கு இருந்தது தெரியவருகிறது.

உளுந்து போன வீட்டுப் பையனும் இப்போது மறுபடி வாசிக்கிறான். வாசித்துவிட்டு, அடிப்பதற்கு முன்னால் போனில் ஒரு வார்த்தை கேட்கிறான். அதைத்தான் எல்லோரிடமும் எதிர்பார்க்கிறேன்.

உங்கள் ஊருக்கு வரும் உதவி வேளாண்மை அலுவலரைக் கேட்கலாம். வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். கிசான் கால் சென்டருக்கு 1800 180 1551 என்ற எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணம் இல்லாமல் பேசலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

இந்த இதழின் கேள்விப் பகுதியும் இருக்கிறது. என்ன பூச்சி, என்ன மருந்து என்று கேட்பதோடு, உங்களுக்குப் புரியாமல் போன ஒரு சொல்லையும் எழுதி அனுப்புங்கள். சொல்லை மட்டும் எழுதாமல், அது எந்தத் தாளில், எந்த இடத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஈ.சி. என்று மட்டும் எழுதினால், அது வில்லங்கமா, உப்பா, மருந்தா என்று எனக்கும் தெரியாது.